தேன்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவுக்குப் பக்கத்தில், மருந்தகக் கவுண்டரில் நிற்பவள் நான். தேனைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ‘இது அசலா, சீனிப்பாகா?’ என்பதுதான். கட்டி தட்டினால் பயம், சூடு பண்ணினால் பயம், எறும்பு மொய்த்தால் ஒரு பயம், மொய்க்காவிட்டால் இன்னொரு பயம். பிறந்த குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டு வைக்கும்போது மட்டும் யாருக்கும் பயம் வருவதில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பகுதிதான் நீளமாகவும் இருக்கும்.

பேரன் பிறந்திருக்கான்மா. சேனை வைக்க நல்ல தேனா ஒண்ணு கொடு. ஒரு சொட்டுதான், அதுல என்ன ஆகிடப் போகுது?

வேண்டாம் பாட்டி. ஒரு வயது நிறையும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். எவ்வளவு நல்ல தேனாக இருந்தாலும் இதுதான் பதில்.

மண்ணிலும் தூசியிலும் கிளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரி வித்துகளாக உறங்கிக் கிடக்கிறது. தேனீ பூவுக்குப் பூ அலையும்போது அந்த வித்துகள் சில சமயம் தேனுக்குள்ளும் வந்துவிடுகின்றன. தேனில் அவை முளைக்காது. ஆனால் சாகவும் சாகாது. நீங்களும் நானும் விழுங்கினால் நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைத் தலையெடுக்க விடாது, வெளியே போய்விடும். பிறந்த குழந்தையின் குடலில் அந்தக் குடியிருப்பு இன்னும் அமையவில்லை. வித்து அங்கே முளைத்து, பெருகி, நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடும். முதலில் முகமும் தொண்டையும், பிறகு கழுத்து, கை, கால் என்று மேலிருந்து கீழாகத் தளர்ந்துகொண்டே வரும். மூச்சு விடும் தசைவரை போனால் குழந்தையை வாரக்கணக்கில் செயற்கை சுவாசக் கருவியில் வைக்க வேண்டியிருக்கும்.

சேனை வைப்பதையே நிறுத்தச் சொல்லவில்லை. பெரியவர் யாரேனும் முதலில் தொட்டு வைக்க வேண்டும், அவர் குணம் பிள்ளைக்கு வர வேண்டும் என்பதுதானே ஆசை? கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தாயின் சீம்பாலிலேயே ஒரு துளி தொட்டு வையுங்கள். சீனித்தண்ணீரும் தேவையில்லை.

எங்க காலத்துல எல்லாருக்கும் தேன்தான் வெச்சாங்க. நாங்க நல்லாத்தானே இருக்கோம்?

இருக்கிறீர்கள். எல்லாத் தேனிலும் வித்து இருக்காது. இருந்தாலும் எல்லாக் குழந்தைக்கும் நோய் வராது. இது அரிதான நோய்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. தேனே தொடாத குழந்தைக்கும் தூசி வழியாக வருவதுண்டு. உலகில் பதிவான பலருக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. ஆனால் தூசியை நாம் தடுக்க முடியாது, தேனைத் தடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இந்த நோய் குழந்தைகளுக்கு இப்படி வரும் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்ததே 1976இல்தான். அதற்கு முன்னால் பால் குடிக்காமல் துவண்டு போன பிள்ளைக்குத் தோஷம், சீர் தட்டியது, காற்று கருப்பு என்று என்னென்னவோ காரணம் சொன்னோம். தேன் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. மருத்துவம் முன்னேறிய நாட்டிலும் தப்பாத சம்பவம் உண்டு: 2017இல் ஜப்பானின் தோக்கியோவில் ஆறு மாதக் குழந்தை ஒன்று இறந்தது. சத்து என்று நம்பி வீட்டார் பழச்சாற்றில் தேன் கலந்து கொடுத்து வந்திருந்தார்கள்.

கொதிக்க வைத்துக் கொடுத்தால்? கேக், பிஸ்கட்டில் சேர்த்தால்?

கொதிநீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. வித்துகள் அந்தச் சூட்டில் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். டின் உணவுத் தொழிற்சாலைகளில் 121 பாகையில், அழுத்தத்தில் வைத்துத்தான் அவற்றைக் கொல்கிறார்கள். அடுப்பில் வேகும் கேக்கின் நடுப்பகுதியும் 100 பாகையை ஒட்டித்தான் இருக்கும். கடையில் ‘பாஸ்ச்சரைஸ்’ செய்தது என்று எழுதியிருக்கும் தேனிலும் ஈஸ்ட் மட்டும்தான் செத்திருக்கும். ஒரு வயதுக்குள் தேன் சேர்த்த எதையும் கொடுக்காமல் இருப்பதே எளிது.

உரை மருந்துக்கு? நாக்கில் அக்கரம் வந்தால் மாசிக்காயைத் தேனில் இழைத்துத் தடவலாமா?

தேன் குழந்தை வாய்க்குள் போவது பெரும்பாலும் இப்படித்தான். ‘தேன் கொடுத்தீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். ‘வசம்பு, மாசிக்காய் எதில் இழைத்தீர்கள்?’ என்று கேட்டால்தான் தேன் வெளியே வரும். பால் குடிக்க மறுக்கும் பிள்ளைக்கு மார்க்காம்பில் தேன் தடவுவது, சூப்பானைத் தேனில் முக்கிக் கொடுப்பது எல்லாம் இதே கணக்கு. 2018இல் அமெரிக்காவின் டெக்சஸில் நான்கு குழந்தைகளுக்கு இந்த நோய் வந்தது; நால்வரும் உள்ளே தேன் நிரப்பிய சூப்பான் வைத்திருந்தவர்கள்.

நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தால் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதார நிலையத்துக்கு, தூக்கிக்கொண்டு போங்கள். அது பூஞ்சை, அதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது. உரை மருந்தைப் பற்றி எனக்கு வேறு கவலைகளும் உண்டு, ஆனால் இது தேனைப் பற்றிய பக்கம்.

தைப்பூசத்துக்குக் கரும்புத் தொட்டில் வேண்டுதல். பஞ்சாமிர்தத்தைப் பிள்ளை வாயில் தொட்டு வைக்கலாமா?

பத்துமலையின் 272 படிகளில் தூக்கிப் போனாலும் சரி, இங்கே தண்ணீர்மலையானாலும் சரி, தொட்டிலில் கிடப்பது பெரும்பாலும் ஒரு வயது நிறையாத பிள்ளை. பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, நெய்யோடு தேனும் உண்டு. அதனால் வேண்டாம். விபூதி இட்டுவிட்டுப் பிரசாதத்தைப் பெற்றோர் சாப்பிடுங்கள். வேண்டுதலுக்கு அதனால் குறை வராது. கூட்டத்தில் யாரோ ஓர் அத்தை அன்பு மிகுதியால் விரலில் தொட்டு வைத்துவிடுவார், அதற்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

அபிஷேகத் தீர்த்தத்தைக் கேட்டால், அதில் பெரியவர்களுக்கு ஆபத்து தேனால் இல்லை, பாலாலும் தயிராலும்தான். நம் ஊர் வெயிலில் சில மணி நேரம் வாளியில் நின்ற பால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பக்திக்கு ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள், டம்ளர் கணக்கில் குடிக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவரும் பஞ்சாமிர்தத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

ஐயோ, நேற்றே கொடுத்துவிட்டோமே! இப்போது என்ன செய்வது?

பதற வேண்டாம், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு மாதம்வரை கவனியுங்கள். நோய் உடனே தலைகாட்டாது, சில நாளிலிருந்து சில வாரம் எடுக்கும். காய்ச்சலை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள், பொதுவாகக் காய்ச்சல் இருக்காது. முதலில் வருவது பெரும்பாலும் மலச்சிக்கல். பிறகு பால் உறிஞ்சும் வலு குறையும், அழுகை மெலிந்து பூனைக்குரலாகும், இமை பாதி மூடியே இருக்கும், முகம் சிரிக்காது, தலை நிற்காமல் தொங்கும். மலச்சிக்கலோடு இதில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலே நேராக அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 999. தேன் கொடுத்ததை வெட்கப்படாமல் முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று அதை மறைக்கும் மருமகள்கள் உண்டு. சில ஆன்டிபயாட்டிக்குகள் இந்த நோயில் தசைத் தளர்ச்சியை இன்னும் கூட்டும், அதனால் மருத்துவருக்கு அந்தத் தகவல் வேண்டும். நேரத்தோடு சிகிச்சை கிடைத்த பிள்ளைகள் பெரும்பாலும் முழுதாகத் தேறிவிடுகிறார்கள்.

கர்ப்பிணி சாப்பிடலாமா? பால் கொடுக்கும் தாய்?

இருவருமே சாப்பிடலாம். வித்து தாயின் குடலைத் தாண்டிக் கருவுக்கோ பாலுக்கோ போவதில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் மட்டும் அளவைப் பார்க்க வேண்டும்.

ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு இருமலுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டியிலிருந்து ஒரு தேக்கரண்டி. சின்னப் பிள்ளைகளின் இருமலுக்குக் கடையில் விற்கும் பல மருந்துகளைவிட இதையே நான் சொல்வேன், எங்கள் விற்பனைக்கு இது நல்லதில்லை என்றாலும். கொடுத்த பிறகு பல் விளக்கி விடுங்கள்.

பெரியவர்களுக்குத் தேனால் உணவு நச்சாகவே முடியாதா?

தேனில் தண்ணீர் குறைவு, அமிலம் அதிகம், பி.எச். சராசரியாக 4ஐ ஒட்டியே இருக்கும். வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதற்குள் விழுந்தாலும் பெருக முடியாமல் செத்துப்போகும். அதனால் தேன் என்பது கடையில் கிடைக்கும் உணவுகளிலேயே மிகப் பத்திரமான ஒன்று.

அந்தப் பத்திரமெல்லாம் தண்ணீர் சேரும்வரைதான். காலையில் கரைத்த தேன் எலுமிச்சைத் தண்ணீர் சாயங்காலம்வரை மேசையில் இருந்தால் அது வெறும் இனிப்புத் தண்ணீர், எதுவும் வளரும். பாசார் மாலாமில், அதான் இரவுச் சந்தையில், தேன் பானம் குடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் ஐஸையும் தண்ணீரையும் டம்ளர் கழுவிய வாளியையும்தான் முதலில் சந்தேகிப்பேன். இன்னொரு சாராருக்குக் கிருமியே காரணமில்லை. தேனில் பிரக்டோஸ் என்ற சர்க்கரை அதிகம். வெறும் வயிற்றில் நாலைந்து கரண்டி விழுங்கினால் சிலர் வயிறு அதை ஏற்காமல் உப்பி, பேதியாகும்.

விலக்கு இரண்டு. கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், குடலில் பெரிய அறுவை சிகிச்சை ஆனவர்கள் பச்சைத் தேன் தொடுமுன் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். தேனில் மகரந்தமும் தேனீயின் புரதமும் இருக்கும். தேன் தின்று உதடு வீங்கியவர், உடம்பெல்லாம் தடித்தவர் மறுபடி சோதித்துப் பார்க்கக் கூடாது.

கெலுலுட் தேன் போத்தலைத் திறந்ததும் ‘புஸ்’ என்று நுரை பொங்குகிறது. கெட்டுப்போயிற்றா?

கெலுலுட் என்பது நாம் கொசுத்தேன் என்று சொல்கிற, கொட்டாத சிறு தேனீயின் தேன். சாதாரணத் தேனைப் போல அதை எடை போடவே கூடாது. பன்னாட்டு உணவுத் தரப்படி சாதாரணத் தேனில் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கெலுலுட்டுக்கென மலேசியா தனியாக வகுத்த எம்.எஸ். 2683:2017 தரம் பச்சைத் தேனில் 35 விழுக்காடுவரை அனுமதிக்கிறது. அவ்வளவு ஈரம் இருந்தால் ஈஸ்ட் சும்மா இருக்குமா? புளிக்கும், வாயு வரும். புளிப்புச் சுவையும் தண்ணீர் போன்ற ஓட்டமும் அதன் இயல்பு, கலப்படம் அல்ல. அதிலுள்ள டிரெஹாலுலோஸ் என்ற அரிய சர்க்கரையை 2020இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்தவற்றில் மலேசியத் தேனும் இருந்தது.

செய்ய வேண்டியது: வாங்கியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மேல்வரை நிரப்பாதீர்கள். காரில் வெயிலில் விட்டால் கண்ணாடிப் போத்தல் வெடிக்கவும் வாய்ப்புண்டு. முகத்துக்கு நேரே திறக்காமல் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து மெதுவாகத் திருகுங்கள். லேசான நுரை மட்டும் என்றால் குடிக்கலாம். கள்வாடையோ பூஞ்சையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். விலை அதிகம்தான், எனக்கும் மனசு வராது.

கெடாவில் பெடு ஏரிப் பக்கம் வானுயர்ந்த துவாலாங் மரங்களில் மலைத்தேனீ கட்டும் கூட்டுத் தேனுக்கும் இதில் பாதி பொருந்தும். நம் மழைக்காட்டுத் தேன் பொதுவாகவே ஈரமானது, சீக்கிரம் புளிக்கும்.

அடியில் வெள்ளையாகக் கட்டி தட்டியிருக்கிறது. சீனி கலந்திருக்கிறார்களா?

இல்லை. குளுக்கோஸ் அதிகமுள்ள நல்ல தேனும் கட்டி தட்டும், குளிரில் இன்னும் சீக்கிரம். போத்தலை வெதுவெதுப்பான தண்ணீரில், 40 பாகைக்குள், வைத்தால் கரையும். மைக்ரோவேவ் வேண்டாம்.

தண்ணீரில் ஊற்றிப் பார்ப்பது, தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்துவது, எறும்புச் சோதனை?

மூன்றும் வேடிக்கை. கெட்டியான சீனிப்பாகு மூன்றிலும் தேறிவிடும், கெலுலுட் தேன் மூன்றிலும் தோற்கும். அரிசிப்பாகு, கரும்புச் சர்க்கரைக் கலப்பை ஆய்வகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும், அங்கேயும் ஒரே சோதனை போதாது. நம்மால் முடிந்தது போத்தலில் ஒட்டிய சீட்டைப் படிப்பது: தயாரிப்பாளர் முகவரி, காலாவதி நாள், சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்று. கலப்படத் தேன் பணத்துக்கு நட்டம். பொதுவாக அது உங்களை மருத்துவமனைக்கு அனுப்பாது. இதை நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

தாப்பா சாலையோரத்தில், வாளியில் கூட்டோடு வைத்துக் கண் முன்னால் பிழிந்து தருகிறார்களே, அது நல்லதா?

கண் முன்னால் பிழிவதால் கலப்படம் இல்லை என்று ஆகிவிடாது. கூட்டின் மேல் சீனிப்பாகை ஊற்றி வைத்தாலும் பிழிந்தால் வழியத்தான் செய்யும். நான் பார்ப்பது கையையும் போத்தலையும். கூட்டோடு புழுவும் முட்டையும் சேர்ந்து நசுங்கினால் தேன் சீக்கிரம் கெடும். பழைய தண்ணீர்ப் போத்தலில் ஈரம் மிச்சமிருந்தாலும் அப்படியே. வாங்கத்தான் வேண்டுமென்றால், காய்ந்த சுத்தமான சொந்தப் போத்தலைக் கொண்டு போங்கள், வீட்டில் வடிகட்டிச் சீக்கிரம் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.

தேனைச் சூடாக்கினால் விஷம், நெய்யும் தேனும் சம அளவானால் விஷம் என்கிறார்களே?

ஆயுர்வேதத்தில் சொல்லப்பட்டது, நம்புகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆய்வகக் கணக்கில், சூட்டில் எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும், மணமும் நொதிகளும் குறையும். பன்னாட்டுத் தரம் அதற்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்றும், வெப்பமண்டலத் தேனுக்கு 80 என்றும் எல்லை வைத்திருக்கிறது. சூடான தேநீரில் ஒரு கரண்டி விட்டதால் யாருக்கும் விஷமேறாது.

சர்க்கரை நோய் இருக்கு. சீனிக்குப் பதிலா தேன் நல்லதுதானே அக்கா?

இல்லை அண்ணே. ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை. 2023 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. 2019 கணக்கெடுப்பில் இனவாரியாகப் பார்த்தபோது நம் இந்தியர்கள்தான் முதலிடம். இந்தக் கடைக்கு வருகிற நம்மவர்களுக்குத் தேனால் வரும் உண்மையான கேடு கிருமியல்ல, இதுதான். கால் புண்ணில் சமையலறைத் தேனைத் தடவுவதும் வேண்டாம். மருத்துவமனையில் புண்ணுக்குப் பயன்படுத்தும் தேன் கதிர்வீச்சால் கிருமி நீக்கியது.

ஆண்களுக்கென்று சின்னப் பாக்கெட்டில் தேன் விற்கிறார்களே?

கேட்பவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார், நான் உரக்கப் பதில் சொல்வேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் இத்தகைய தேன்களைச் சோதித்து, பாக்கெட்டில் குறிப்பிடாத சில்டெனாஃபில், தடாலாஃபில் என்ற ஆண்மைக்குறைவு மருந்துகள் இருப்பதாக எச்சரித்தது. மருந்துச் சீட்டோடு மட்டும் வாங்க வேண்டியவை அவை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் இதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். ‘இயற்கை’ என்று எழுதியிருக்கும் தேன் அரை மணியில் வேலை செய்தால், வேலை செய்வது தேன் அல்ல.

நேபாளத்து ‘போதைத் தேன்’ இணையத்தில் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். நேபாள மலையிலும் துருக்கியின் கருங்கடல் ஓரத்திலும் சில ரோடோடெண்ட்ரான் பூக்களின் தேனில் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. தலைசுற்றல், வாந்தி, நாடி படுத்துவிடுதல், மயக்கம் வரும். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கப் படையொன்று கருங்கடல் பக்கம் அதைத் தின்று வரிசையாக விழுந்த கதை உண்டு. காசு கொடுத்து அந்த வரிசையில் சேர வேண்டாம்.

ஏதாவது தேனால் உடம்பு கெட்டால் யாரிடம் சொல்வது?

முதலில் மருத்துவர். உணவு நச்சு என்று அவர் கருதினால், 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி சுகாதாரத் துறைக்கு அறிவிக்கும் கடமை அவருடையது. விஷப்பொருள் பற்றிய ஆலோசனைக்கு நம் பினாங்கிலேயே, யு.எஸ்.எம். எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில், தேசிய நச்சு மையம் இருக்கிறது. மருத்துவர்கள் மட்டுமல்ல, பொதுமக்களும் அழைக்கலாம். விற்பனையைப் பற்றிய புகார் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போக வேண்டும். மிச்சத் தேனைக் கழுவிக் கொட்டிவிடாமல், மூடி, சீட்டோடு அப்படியே எடுத்து வையுங்கள். வாங்கிய ரசீதும் இருந்தால் நல்லது.